ஆறாம் வகுப்பாக நடிக்கும் நண்பர்கள்

பி.எட். படித்தவர்கள் எல்லோருக்கும் 36 நிமிடக் கணக்கு மனப்பாடம். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் பாடத்தைத் திருத்தி எழுத, மறுபடி 6 நிமிடம் பாடம், மறுபடி 6 நிமிடம் பின்னூட்டம். பாடம் எடுப்பவர் பயிற்சி மாணவர். எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ‘ஆறாம் வகுப்பு’ம் பயிற்சி மாணவர்கள்தான். அவர்களில் இருவர் மதிப்பீட்டுப் படிவத்தோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். பாடநூலில் இதற்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயர். விடுதியிலும் பேருந்திலும் மைக்ரோ டீச்சிங்.

பட்டப்படிப்பு முடித்த 22 வயது ஆட்கள், ‘குட் மார்னிங் மிஸ்’ என்று ஒரே குரலில் எழுந்து நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர்களுக்கும் வரும். ஆனால் ஆசிரியர் கல்வியில் பல ஆண்டுகளாக உறுதியாக நிலைத்திருக்கும் பழக்கம் இதுதான். ஆசிரியராகப் போகிறவர் தன் முதல் பாடத்தைக் குழந்தைகளுக்கு எடுப்பதில்லை, சக மாணவர்களுக்கு எடுக்கிறார். அந்தப் பாடத்திலிருந்து அவர் எதைக் கற்கிறார், எதைக் கற்கவே முடியாது என்பதைப் பிரித்துப் பார்க்கக் காவிரிப் படுகையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கல்விக்கென்று இங்கே நடந்த சோதனைகள் அத்தனை.

டெல்டா பகுதிக் கல்வியியல் கல்லூரி ஒன்றில் நடந்த பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணிதப் பிரிவு மாணவி. அன்றைய திறன், துருவி வினாக் கேட்டல். தலைப்பு, பகுதிகள் வேறான பின்னங்களைக் கூட்டுதல். விவசாயக் குடும்பத்துப் பெண் என்பதால் உதாரணத்தை வயலிலிருந்தே எடுத்தார். ஒரு வேலி நிலம். அதில் கால் பங்கு குறுவை, ஐந்தில் ஒரு பங்கு வாழை. மொத்தம் எவ்வளவு நிலத்தில் பயிர்?

நல்ல கணக்கு. ஒரு வேலிக்கு 20 மா. கால் வேலி 5 மா, ஐந்தில் ஒரு வேலி 4 மா, ஆகக் கூடி 9 மா. அதாவது இருபதில் ஒன்பது. நான்குக்கும் ஐந்துக்கும் பொதுவாக ஏன் 20 வருகிறது என்பதைக் குழந்தை தன் கண்ணால் நிலத்திலேயே பார்த்துவிடலாம். பழைய எண்சுவடியில் மா என்ற பின்னத்துக்கும் இருபதில் ஒன்று என்பதே மதிப்பு. நில அளவையும் பின்னமும் ஒரே கணக்காகப் புழங்கிய ஊரில் இந்த உதாரணத்துக்கு இணை கிடையாது.

மாணவி கரும்பலகையில் கட்டம் போட்டு, “இருபது எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து பதில் வந்தது: “எல்.சி.எம். மிஸ்!” அடுத்த கேள்விக்கும் அப்படியே. ஆறு நிமிடத்தில் திட்டமிட்ட அத்தனை கேள்வியும் முடிந்து, பத்து வினாடி மிச்சம். படிவத்தில் 0 முதல் 6 வரையிலான அளவுகோலில் பெரும்பாலும் 5. குரல் ஏற்ற இறக்கம் நன்று, கரும்பலகையை மறைக்காமல் நின்றார், கேள்விகளை வகுப்பு முழுவதற்கும் பகிர்ந்து கேட்டார். “செமையா எடுத்தடி” என்பது வாய்மொழிப் பின்னூட்டம். ரெக்கார்டில் அவர் எழுதிய சுய மதிப்பீடு, ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். கற்றல் நோக்கங்கள் நிறைவேறின.’

பிறகு பள்ளிக்குப் போனார். அதே பாடம், அதே வேலி, அதே வாழை. முதலில் எழுந்த கை சொன்ன விடை, ஒன்பதில் இரண்டு. மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு. பின்னம் கற்கும் குழந்தைகள் உலகம் முழுவதும் செய்யும் தப்பு இது. வகுப்பில் பாதிப் பேருக்கு அது சரியான விடையாகவே பட்டது. மாணவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “தப்பு” என்று சொல்லிவிட்டு எல்.சி.எம். முறையைப் பலகையில் எழுதிப் போட்டார்.

அவரே பின்னால் யோசித்துக் கண்டுபிடித்த கேள்வி இது: ஒன்பதில் இரண்டு பெரிதா, கால் பெரிதா? ஒன்பதில் இரண்டு, காலைவிடச் சின்னது. குறுவை மட்டுமே கால் வேலி இருக்க, வாழையையும் சேர்த்த பிறகு நிலம் எப்படிக் குறையும்? துருவி வினாக் கேட்டல் என்று பெயரிட்டுப் பயிற்சி எடுத்தாரே, அந்தத் திறன் வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான். பயிற்சிப் பாடத்தில் அந்த இடம் வரவே இல்லை. காரணம், எதிரே இருந்த ஒருவருக்கும் ஒன்பதில் இரண்டு என்று தோன்றவில்லை. தோன்றாது. அவர்கள் பி.எஸ்சி. கணிதம் முடித்தவர்கள்.

*

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவும் மைக்ரோ டீச்சிங்கை உருவாக்கினார்கள். கற்பித்தல் என்ற பெரிய வேலையைச் சிறு திறன்களாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சில நிமிடம் பயின்று, அதை வீடியோவில் போட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்வது அவர்கள் முறை. அங்கே எதிரே உட்கார்ந்தவர்கள் உண்மையான பள்ளி மாணவர்கள். நான்கைந்து பேரைத் திரட்டி வருவார்கள்.

இந்தியாவில் 1967இல் அலகாபாத்தில் டி.டி. திவாரி இதைத் தொடங்கிவைத்தார். 1970களில் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் பி.கே. பாஸியும், பிறகு என்.சி.இ.ஆர்.டி.யும் இதை நம் கல்லூரிகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். வீடியோ கருவி கிடையாது; அதனால் கூர்ந்து பார்க்கச் சக மாணவர்கள். பள்ளிக் குழந்தைகளைக் கல்லூரிக்கு அழைத்து வர வசதி கிடையாது. அதனால் குழந்தைகளாகவும் சக மாணவர்களே. 36 நிமிடக் கணக்கு இந்த இந்திய மாதிரியில் வந்தது. ஏழை நாட்டின் சிக்கனமான யுக்தி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வசதியில்லாமல் செய்த சமரசம், இரண்டு தலைமுறைக்குள் முறையின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. இன்று கையில் இருக்கும் கைப்பேசியில் ஆறு நிமிடப் பாடத்தை யாரும் படம் பிடிக்கலாம். பக்கத்துத் தெருவில் பள்ளி இருக்கிறது. ஆனாலும் நண்பர்கள்தான் ஆறாம் வகுப்பு.

அந்த 36 நிமிடமும் முழுதாக நடக்கிறதா என்பது வேறு கதை. 50 பேர் கொண்ட ஒரு பிரிவை ஐந்து குழுவாகப் பிரித்தாலும், குழுவுக்குப் பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து திறன் என்றால் 30 மணி நேரம் வேண்டும். வேலைநாள் கணக்கில் அதை நுழைப்பது கடினம். மறு திட்டமும் மறு பாடமும் ரெக்கார்ட் நோட்டில் மட்டுமே ‘நடக்கிற’ கல்லூரிகள் உண்டு. திருத்தி எடுக்கும் இரண்டாவது பாடம்தான் இந்த முறையின் உயிர். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது மேடைப் பேச்சுப் பயிற்சி.

மைக்ரோ டீச்சிங்குக்கு முன்னாலும் சக மாணவர் பார்வையில் பாடம் எடுக்கும் வழக்கம் இருந்தது. டேவிட் ஸ்டோ 1837இல் கிளாஸ்கோவில் கட்டிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், ஒருவர் நிஜக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க, மற்றவர்கள் கேட்டிருந்து பிறகு விமர்சிப்பார்கள். அந்த விமர்சனப் பாடம் பிரிட்டிஷ் வழிப் பயிற்சிக் கல்லூரிகளின் அடையாளமாயிற்று. 1856இல் சென்னையில் தொடங்கிய அரசு நார்மல் பள்ளியின் வாரிசுதான் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. இந்தியக் கல்வியியல் கல்லூரிகளின் பேச்சில் ‘கிரிட்டிசிசம் லெசன்’ என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த வழியில்தான். அங்கே சக மாணவரின் வேலை ஒன்றே ஒன்று, பார்ப்பது. குழந்தையாக நடிக்கும் வேலை அவருக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு படுகைக்குத் திரும்புவோம்.

*

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, 1716இல் அங்கே உள்ளூர் ஆசிரியர்களைத் தயாரிக்க ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இந்தியாவில் ஆசிரியர் பயிற்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் படுகையின் ஊர்களில் அதற்கு முன்பே திண்ணைப் பள்ளிகள் இருந்தன. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு எடுத்த கணக்கில், தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 884 பள்ளிகளும் 109 உயர்கல்வி நிலையங்களும் இருந்தன. மாகாணம் முழுவதற்கும் 12,498 என்று 1826இல் மன்றோ எழுதினார். இந்த எண்ணிக்கையை வைத்துப் பொற்காலம் பேசுகிறவர்களும் உண்டு. வயலில் உழைத்த சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

திண்ணையில் ஆசிரியர் ஒருவர். பிள்ளைகளோ பல வயதினர், ஆளுக்கொரு நிலையில் இருப்பவர்கள். எல்லாருக்கும் அவரே பாடம் சொல்ல முடியாது. அதனால் சட்டாம்பிள்ளை. முன்னே படித்த பையன் பின்னே வருபவனுக்கு மணலில் எழுத்தைக் காட்டுவான், எண்சுவடியை முறை சொல்லி ஒப்பிக்கக் கேட்பான், தப்பினால் திருத்துவான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று நெல்லும் நிலமும் அளக்கும் வாய்பாடுகளை இப்படிக் கூட்டாகச் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகள் நினைவில் ஏற்றினார்கள். இதை வெறும் நெட்டுரு என்று தள்ளிவிடக் கூடாது, நினைவே கணக்குப் போடும் கருவியாக இருந்தது என்று வாதிடுகிறார் 2022இல் வெளிவந்த தம் நூலில் செந்தில்பாபு. தென்னிந்தியக் கணித மரபை ஆராய்ந்தவர் அவர்.

இந்தச் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறி இங்கிலாந்து போனான். 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அனாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியை ஏற்றுக்கொண்டார் ஆண்ட்ரூ பெல். ஒரு தமிழ்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது சம்பள ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்துச் சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். பையன் சாதித்தான். 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறு நூல் ‘மதராஸ் முறை’யை உலகறியச் செய்தது. ஜோசப் லங்காஸ்டர் அதற்கு ஒரு போட்டி வடிவம் தந்தார். பெல் 1832இல் இறந்தபோது அவர் முறையைத் தழுவிய பள்ளிகள் பிரிட்டனில் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மலிவாகப் படிக்கவைக்கும் ஆலை போல அது இயங்கியது என்பது பின்னால் வந்த குறை.

எட்டு வயதுப் பையன் எப்படிச் சாதித்தான்? பெல் இதை ஒழுங்கு, சிக்கனம் என்ற கண்ணோடு பார்த்தார். எனக்குப் படும் காரணம் வேறு. அந்தப் பையன் அறியாமைக்குப் பக்கத்தில் இருந்தான். சில மாதம் முன்னால் அதே எழுத்தில் தடுமாறியவன். அடுத்தவன் விரல் எந்த வளைவில் தவறும் என்று அவன் விரலுக்கு நினைவிருந்தது. சட்டாம்பிள்ளைக்கும் அப்படியே. அவனுக்குக் கற்பித்தல் கோட்பாடு ஒன்றும் தெரியாது. தப்பு மட்டும் தெரியும்.

நம் பி.எட். வகுப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. எடுப்பவரும் கேட்பவரும் அறியாமையை விட்டு ஏறக்குறைய ஒரே தூரத்தில், வெகு தூரத்தில் இருக்கிறார்கள். தெரிந்தவர் தெரியாதவராக நடிப்பது மிகக் கடினம். 1990இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மாணவி எலிசபெத் நியூட்டன் இதை எளிய சோதனையால் காட்டினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை மனத்தில் நினைத்து மேசையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் காதுக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது. கேட்பவருக்கு அது வெறும் டொக் டொக். நியூட்டனின் சோதனையிலாவது எதிரே இருந்தவருக்கு அது எந்தப் பாட்டு என்று தெரியாது. பயிற்சிப் பாடத்தில் இரண்டு பக்கமும் அதே பாட்டு ஓடுகிறது. தட்டியது புரிந்தது என்று இருவரும் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்கிறார்கள்.

*

அப்படியென்றால் இந்தப் பாடம் வீணா? இல்லை என்று சொல்வதற்குப் பவணந்தி முனிவர் இருக்கிறார்.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், அவனுக்குக் கீழிருந்த சீயகங்கன் கேட்டுக்கொள்ளப் பவணந்தி எழுதிய இலக்கண நூல் நன்னூல். அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர் யார், மாணவர் யார், எப்படிச் சொல்லிக் கொடுப்பது, எப்படிக் கேட்பது என்று வகுத்து வைக்கிறது. அதில் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரை, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும். 1980இல் ஜான் பார்க், யாகோவ் ஷுல் என்ற உளவியலாளர்கள் நடத்திய ஆய்விலும், தமக்காகப் படித்தவர்களைவிடப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகப் படித்தவர்கள் பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். பவணந்தியின் கணக்குக்கு எட்டு நூற்றாண்டு கழித்து வந்த சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

நன்னூல் சொல்லும் அந்த அரைப் பங்கு, சொல்லுகிறவருக்குக் கிடைக்கும் லாபம் என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்பவர் என்ன பெற்றார் என்ற பேச்சு அந்தக் கணக்கில் இல்லை. பயிற்சிப் பாடத்தின் உண்மையான மதிப்பும் அங்கேதான். நண்பர்கள் முன்னால் நின்று பின்னக் கூட்டலை விளக்க முயலும்போது, பகுதிகளை ஏன் சமமாக்க வேண்டும் என்பது தனக்கே தெளிவில்லை என்று ஒரு கணித மாணவிக்குத் தெரியவருமானால், அது பெரிய கல்வி. அதைச் சோதிக்க நண்பர்களைவிடத் தகுந்தவர்கள் கிடையாது. பாடம் அறிந்தவர்களால்தான் பாடத்தில் உள்ள ஓட்டையைப் பார்க்க முடியும். ஆனால் நம் மதிப்பீட்டுப் படிவத்தில் குரலுக்கு இடமிருக்கிறது, சைகைக்கு இடமிருக்கிறது, ‘சொன்ன கணக்கு அடிப்படையில் சரியா’ என்று கேட்க ஒரு கட்டம் பார்ப்பது அரிது.

அதே பாயிரம் ஆகாத ஆசிரியருக்கு நான்கு உவமை சொல்கிறது. படிவம் தயாரிக்கிறவர்கள் ஒருமுறை படிக்கலாம். கழற்காய் போட்ட குடம் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய்கள் வராது. கற்ற வரிசை குலைந்து கொட்டுகிறவர் அப்படி. கருக்கு மட்டையோடு நிற்கும் பனையில் யாரும் ஏற முடியாது, தானாக விழுவதைத்தான் பொறுக்கலாம். கேட்டால் கொடுக்காதவர் அப்படி. வாய் குறுகிய குண்டிகையில் அடைத்த பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிய்த்து எடுக்க வேண்டும். கோணித் தழைத்த தென்னை, தண்ணீர் ஊற்றியவன் ஒருவனாக இருக்க, வேலிக்கு அப்பால் இன்னொருவன் கொல்லையில் காய் போடும். ஒவ்வொன்றும் கேட்பவர் பக்கம் நின்று சொன்ன குறை. ‘கரும்பலகையை மறைக்காமல் நின்றார்’ என்பதோடு வைத்துப் பார்த்தால் யார் கற்பித்தலை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள் என்பது தெரியும்.

சக மாணவரிடம் பாடம் கேட்பவர் மனநிலைக்கும் இந்த மண்ணிலேயே எழுத்துச் சாட்சி இருக்கிறது. உத்தமதானபுரத்து உ.வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது, தொடக்கத்தில் அவருக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் விடப்பட்டது. ஆசிரியரிடமே நேரில் கேட்க வேண்டும் என்று தாம் ஏங்கியதை ‘என் சரித்திர’த்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு அவரே திருவாவடுதுறை மடத்தில் தம்பிரான்களுக்குப் பாடம் சொன்னார். 1876இல் மகாவித்துவான் மறைந்த பின் அந்தப் பொறுப்பு கூடியது. கேட்டவர்களில் அவரோடு முன்பு சேர்ந்து படித்தவர்களும் உண்டு. கவனித்துக்கொண்டிருந்தவர் மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அந்த இடத்துக்கு உ.வே.சா. போனபோது, கல்லூரி ஆசிரியர்கள் அவரைச் சோதித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். அது அவருக்குப் பெரிய சோதனையாக இருந்திருக்காது. அதற்கு முன்பே மடத்தில் பல ஆண்டு ‘மைக்ரோ டீச்சிங்’ முடித்தவர் அவர். ஒரு வித்தியாசம், மடத்தில் எதிரே இருந்தவர்கள் யாரும் நடிக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பாடம் நிஜமாகவே வேண்டியிருந்தது.

*

பின்னூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேராவூரணி பக்கத்து மொய் விருந்து தெரிந்தவர்களுக்கு பி.எட். பின்னூட்டம் சட்டென்று விளங்கும். இன்று நான் உனக்குப் போடும் 5, நாளை எனக்கு நீ போட வேண்டிய 5. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் கணக்கு தவறுவதில்லை. படிவத்தில் 2 போட்ட தோழியோடு விடுதியில் ஒரு வாரம் பேசாதவர்கள் உண்டு. மதிப்பெண்ணும் நட்பும் ஒரே தாளில் கலந்தால் உண்மை வெளியே நிற்கும். இதில் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ரெக்கார்ட் அகமதிப்பீட்டுக்குப் போகிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

நண்பர்கள் சொல்லாமல் விடுவது மரியாதையால் மட்டுமில்லை. சில விஷயங்கள் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. வேலி உதாரணத்தையே பாருங்கள். அந்த வகுப்பில் அதை எல்லாரும் பாராட்டினார்கள். ‘வட்டாரச் சூழலிலிருந்து எடுத்த உதாரணம்’ என்று பேராசிரியர் தனியாக எழுதினார். ஆனால் தஞ்சை நிலத்தில் வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர் யார், அதில் கூலிக்கு நடவு நட்டவர் யார்? பண்ணையாள்களைக் காக்க 1952இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்த மாவட்டம் இது. கூலிப் பிரச்சினையின் உச்சத்தில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட கீழவெண்மணியும் அன்றைய தஞ்சை மாவட்டம்தான். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் விவசாயக் கூலித் தொழிலாளியின் மகளுக்கு ‘உங்க வீட்டுல ஒரு வேலி நிலம் இருக்குன்னு வெச்சுக்கோங்க’ என்பது வேறு மாதிரிக் காதில் விழும். உதாரணத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் நடவுக்கு ஐந்து பெண்கள், அதில் ஒருத்தி கால் மா நட்டால் என்று தொடங்கினால் அதே கணக்கு அவள் அம்மாவின் கணக்காகிவிடும். நடிக்கும் ஆறாம் வகுப்பில் அந்த மகள் இல்லை என்பதால் இந்தக் கேள்வியும் எழவில்லை.

1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியருக்கு மட்டும் உரிய ஓர் அறிவு உண்டு என்றார். பாடம் தெரிவது வேறு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது வேறு. இந்தப் பாடத்தை இந்த வயதுக் குழந்தை எங்கே தப்பாகப் புரிந்துகொள்ளும், அதை எந்த உதாரணத்தால் நிமிர்த்தலாம் என்று தெரிவது மூன்றாவது. கணிதப் பேராசிரியருக்கு அது இருக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு இல்லாமல் முடியாது. குழந்தையின் நோட்டைத் திருத்தித் திருத்தி, காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுத்தான் அது சேரும். நண்பர்கள் அதைத் தர முடியாது. ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் கூடி ஒருவர் எடுக்கும் பாடத்தைப் பார்க்கும்போது, பலர் ஆசிரியரைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெஞ்சோரம் போய் நின்றுகொள்வார்கள். இந்தப் பையன் என்ன எழுதினான், எங்கே அழித்தான், எப்போது பக்கத்துப் பையனைப் பார்த்தான் என்று குறிப்பெடுப்பார்கள். பாடம் முடிந்து பேசும்போது பேச்சு அந்தக் குறிப்புகளைப் பற்றியே சுழலும்.

*

சிந்தித்து எழுதுவதும் இப்போது பாடத்திட்டத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் ஆசிரியர் கல்வியின் அவலத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அதையடுத்துத் தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014இல் கொண்டுவந்த விதிகளில் பி.எட். இரண்டு ஆண்டாயிற்று. பள்ளியில் 20 வாரம் இருக்க வேண்டும் என்றாயிற்று. அதில் 4 வாரம் முதலாண்டில், 16 வாரம் இரண்டாமாண்டில். தன்னை அறிதல், வாசித்துச் சிந்தித்தல் என்று தாள்களும் வந்தன. நோக்கம் நல்லது. ஆனால் சிந்தனைக் குறிப்பு ஒரு பதிவேடாக மாறிய அன்றே அதற்கென்று ஒரு நடை பிறந்துவிட்டது. முந்தைய ஆண்டு அக்காக்களின் ரெக்கார்டிலிருந்து இறங்கி வரும் நடை. ‘கற்றல் நோக்கங்கள் நிறைவேறின’ அதன் முத்திரை வாக்கியம். எந்தக் குழந்தை, எந்தத் தப்பு, அதற்கு நான் என்ன சொன்னேன், வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்ற நான்கு விவரம் இல்லாத குறிப்பைச் சிந்தனை என்று ஏற்க முடியாது. நண்பர்களுக்கு எடுத்த பாடத்தில் முதல் இரண்டு விவரமும் கிடைக்கவே வழியில்லை. இல்லாததைப் பற்றிச் சிந்திக்கச் சொன்னால் வாய்பாடுதான் வரும்.

ஆகவே என் கோரிக்கை வரிசையைப் பற்றியது. இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் மைக்ரோ டீச்சிங் முதலில், பள்ளி பிறகு. இதை மாற்ற வேண்டும். முதலாண்டின் 4 வாரத்தை முதலில் வையுங்கள். அந்த 4 வாரத்தில் பயிற்சி மாணவர் பாடம் எடுக்க வேண்டாம். பெஞ்சோரம் உட்காரட்டும், நோட்டுகளைப் பார்க்கட்டும். ஒரு தலைப்பில் குழந்தைகள் எழுதிய தப்பு விடைகளை, ஏன் அப்படி எழுதினார்கள் என்று அவர்களிடமே கேட்டு, எழுதிக்கொண்டு வரட்டும். பிறகு கல்லூரிக்குத் திரும்பி நண்பர்கள் முன் பாடம் எடுக்கட்டும். அப்போது மூன்றாவது பெஞ்சில் உட்காரும் தோழி பொதுவான ‘ஆறாம் வகுப்பு மாணவி’யாக நடிக்க மாட்டாள். ஒன்பதில் இரண்டு என்று சொன்ன ஒரு குறிப்பிட்ட பையனாக, அவன் சொன்ன காரணத்தோடு நடிப்பாள். கேள்வி கேட்டதும் எல்.சி.எம். என்று கத்த மாட்டாள். படிவத்தில் இரண்டே கட்டம் போதும்: பாடப்பொருள் சரியா, அந்தப் பையனின் தப்பு எங்கே கழன்றது. மதிப்பெண் வேண்டாம்.

பணம் வேண்டியதில்லை, புதிய அரசாணையும் வேண்டியதில்லை. 4 வாரமும் விதியில் ஏற்கெனவே இருக்கிறது, மைக்ரோ டீச்சிங்கும் இருக்கிறது. கல்லூரியின் ஆண்டுத் திட்டத்தில் இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். படுகையில் ஏதாவது ஒரு கல்லூரி வரும் ஆண்டில் இதைச் செய்து பார்த்து, விளைந்ததை எழுதி வெளியிட்டால், அது தமிழ்நாட்டின் மற்றப் பயிற்சி நிறுவனங்களுக்கும் உதவும்.